பதினாலு ஸ்தலம், பதினாலு குதிரை

வைக்கோலை முறுக்கிக் கையடக்கமான பிரியாக்கி, லேசாகத் தண்ணீர் தெளித்து, ஆரோக்கியமுத்து குதிரையின் விலாவைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு இழுப்புக்கும் பல்லிடுக்கில் ஒரு ‘ஸ்ஸ்’. காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தால் ஆறரை வரைக்கும் எங்கள் பின்கட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் இந்தச் சத்தம் கேட்கும். புதிதாகக் குடிவந்தபோது பாம்பு என்று நினைத்து, நான் விளக்குமாறோடு சுவரோரம் தேடியிருக்கிறேன்.

குதிரையைத் தேய்க்கும்போது கிளம்புகிற தூசி வாய்க்குள் போகாமலிருக்க லாயத்து ஆட்கள் பழகிக்கொள்கிற வித்தை இது. இவருக்கு அது கைக்கும் வாய்க்கும் நடுவே ஒரு ஒப்பந்தமாகிவிட்டது. கை தேய்த்தால் வாய் ஊதும். பித்தளைக் குடம் துலக்கினாலும் ஸ்ஸ், செருப்புக்கு எண்ணெய் போட்டாலும் ஸ்ஸ். மாதா கோயில் திருவிழாவுக்கு முன்னால் சுரூபங்களைத் துடைக்க ஒரு வருஷம் இவரைக் கூப்பிட்டார்கள். அந்தோணியாரின் காலை இவர் தூக்கிப் பார்க்காத குறையாக ஸ்ஸ் ஸ்ஸ் என்று தேய்த்ததைக் கண்டுவிட்டு மறு வருஷம் கூப்பிடவில்லை. “கலியாணமான புதுசுல எனக்குத் தலைக்கு எண்ணெ தேச்சு விடுறேன்னாக” என்பார் அவர் மனைவி ஜெபமாலையம்மாள். “ரெண்டு தேய்ப்புத்தான். போதும் சாமின்னு எந்திரிச்சுட்டேன்.”

பழைய கிறிஸ்தவ ஊரான ஆவூரில் பிறந்தவர். பதினாறு வயதில் சென்னைக்குப் போய், கிண்டியில் ஒரு ஜமீன்தாரின் ரேஸ் லாயத்தில் சேர்ந்தார். நாற்பத்தெட்டில் ஜமீன்களை எடுத்துவிடப் போகிறார்கள் என்று தெரிந்ததும் ஜமீன்தார் லாயத்தைக் கலைத்துவிட்டார். குதிரைகளை ஒருத்தர் வாங்கிக்கொண்டார். ஆட்களை யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. ஆரோக்கியமுத்துவுக்குக் கிடைத்தது கண்ணாடி கீறிய ஒரு ஸ்டாப் வாட்ச். அதை ஒரு தகரப் பெட்டியில் வைத்துக்கொண்டு புதுக்கோட்டைக்கு வந்து, குதிரை வண்டி ஓட்ட ஆரம்பித்தார். இந்தப் பத்து வருஷமாக அந்த வாட்சுக்கு அவர் சாவி கொடுத்ததில்லை. “எதப் பாத்து அமுக்குறது, தங்கச்சி? ஸ்டேஷன்லேர்ந்து பெரியாஸ்பத்திரிக்குப் போறத டயம் புடிச்சா அந்தக் கடியாரத்துக்கே கேவலம்” என்றார் என்னிடம்.

வண்டிக் குதிரைக்கு அவர் பெயர் வைக்கவில்லை. தெருப்பிள்ளைகள்தான் ராமு என்று கூப்பிடுகிறார்கள். கேட்டால், ஜெயிக்காத குதிரைக்கு எதற்குப் பேர் என்பார். பெயர் என்பதெல்லாம் அவரைப் பொறுத்தவரை பதினாலு பேருக்குத்தான். அந்தப் பதினாலு பேரும் இங்கிலாந்தில் ஓடின குதிரைகள். அவற்றில் ஒன்றைக்கூட அவர் கண்ணால் கண்டதில்லை.

விஷயம் இதுதான். அந்த ஊரில் மூன்று பெரிய பந்தயங்கள். முதலாவது கினி, ஒரு மைல். இரண்டாவது டெர்பி, ஒன்றரை மைல். மூன்றாவது லெஜர், ஒன்றே முக்கால் மைலுக்கும் கொஞ்சம் மேலே. மூன்றையும் ஒரே குதிரை ஒரே வருஷத்தில் ஜெயிக்க வேண்டும். அதுவும் அதன் மூன்றாவது வயதில். நாலு வயதானால் மறுபடி வந்து நிற்க முடியாது. ஜெயித்துவிட்டால் அதற்கு மூணு கிரீடம் என்று பெயர். “மொதப் பந்தயம் வேகம். ரெண்டாவது தரம். மூணாவது இருக்கே, அது நெஞ்சு. வேகமிருக்கிறது ஊருக்குப் பத்து கெடைக்கும். தரமிருக்கிறது ஒண்ணு ரெண்டு. நெஞ்சோட சேத்து மூணுமிருக்கிறது இத்தன வருஷத்துல பதினாலே பதினாலுதான்.” ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்து மூன்றில் ஆரம்பித்த கணக்கு, முப்பத்தைந்தில் பஹ்ராம் என்ற குதிரையோடு நிற்கிறது. பதினைந்தாவது எப்போது வரும் என்று புதுக்கோட்டையில் ஒரே ஒரு ஆள்தான் காத்துக்கொண்டிருக்கிறார். ஏதாவது ஓர் இங்கிலீஷ் பேப்பர் சுற்றின பொட்டலம் கிடைத்தால் என்னிடம் நீட்டி, “அங்கிட்டு ஏதும் சேதி உண்டா பாருங்க” என்பார்.

லாயத்தில் பயிற்சி கொடுத்த துரை ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்களை வரிசையாக நிறுத்தி இந்தப் பேர்களைக் கேட்பாராம். தப்பில்லாமல் சொன்னால் ஒரு சுருட்டு. ஆரோக்கியமுத்துவுக்கு அப்போது இங்கிலீஷில் தெரிந்த வார்த்தைகள் நாலு. அதில் இரண்டு வெளியில் சொல்லக்கூடாதவை. வாயில் நுழையாத பதினாலு பேர்களை எப்படி வரிசை மாறாமல் மனப்பாடம் செய்வது? ஆவூர்க்காரருக்குப் பதினாலு என்றதும் ஒன்றுதான் ஞாபகத்துக்கு வரும். ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்து வெள்ளிக்கிழமைகளில் கோயில் சுவரோரம் பதினாலு படத்தின் முன்னும் நின்று, முழங்காலிட்டு, எழுந்து, அடுத்த படத்துக்கு நகர்கிற சிலுவைப்பாதை. ஒவ்வொரு படமும் ஒரு ஸ்தலம்; ஸ்தலத்துக்கு ஒரு குதிரையைக் கட்டிவிட்டார். முதல் ஸ்தலத்தில் வெஸ்ட் ஆஸ்திரேலியன். இரண்டில் கிளாடியேட்டர். மூன்றில் லார்டு லயன். இப்படியே போய்ப் பதினாலில் பஹ்ராம். மறு ஞாயிறு சுருட்டு இவருக்குத்தான். மற்ற ஆட்கள் பேர் சொன்னார்கள். இவர் ஒவ்வொரு பேருக்கும் லேசாக முழங்காலை மடக்கியும் காட்டினார். துரை அதை மரியாதை என்று நினைத்து, இரண்டு சுருட்டாகக் கொடுத்தார்.

கேட்க ஆளிருந்தால் ஒவ்வொன்றின் குணத்தையும் சொல்வார். ஆர்மாண்டுக்கு மூச்சில் கோளாறு, அப்படியும் விடவில்லை. டயமண்ட் ஜூபிலி ஆளைக் கடிக்கும். “கிளாடியேட்டரு பிரெஞ்சுக்காரக் குதிரை. நம்ம காரைக்கால் ஆளுன்னு வச்சுக்கங்க.” இதெல்லாம் சரி, உங்கள் ஜமீன் குதிரைகள் என்ன ஜெயித்தன என்று கேட்டுவிட்டால் மட்டும் கொள்ளுப் பையைத் தேடிக்கொண்டு எழுந்துவிடுவார். ஜெபமாலையம்மாள்தான் உள்ளிருந்து பதில் சொல்வார்: “கடைசியிலேர்ந்து ரெண்டாவது. நல்ல வருஷமாயிருந்தா மூணாவது.”

இந்த அறிவையெல்லாம் அவர் மனிதர்கள் மேல்தான் செலவழிக்கிறார். வண்டியில் ஏற வருகிறவரை ஏற இறங்கப் பார்ப்பார். முகத்தை அல்ல, காலை. புதிதாக மாற்றலாகி வந்த ஆபீசர் ஒருவரை ஸ்டேஷனிலிருந்து கொண்டுவந்து விட்டுவிட்டு, “முன்னங்கால் பழுதில்ல. பின்னாடி வாங்குது” என்றார். என் வீட்டுக்காரரைப் பற்றி அவர் கருத்து என்ன என்று கேட்க எனக்கு இதுவரை தைரியம் வரவில்லை. புது மாப்பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் அவர் கணக்கில் ஒரு மைல்காரர்கள். “கலியாணத்தன்னைக்குப் பாருங்க, என்னா ஓட்டம். மூணாம் வருஷம் பாருங்க, பொண்டாட்டி புள்ளயத் தூக்கிக்கிட்டு முன்னால போவா. இவன் கையை வீசிக்கிட்டுப் பின்னால மூச்சு வாங்குவான்.”

ஊரார் காலைப் பார்த்துக்கொண்டிருந்தவரையில் யாருக்கும் நஷ்டமில்லை. மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தபோதுதான் தொந்தரவு வந்தது.

அடைக்கலமேரி ஒரே மகள். அன்னவாசல் ரோட்டில் மூன்றாவது மைல் கல்லுக்கும் நாலாவதுக்கும் நடுவே இருக்கிற ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். இருபத்தாறு முடிந்துவிட்டது. அதிகம் பேசாத பெண். சாப்பிடும்போது அப்பா குதிரைப் பயிற்சியைப் பற்றி அளந்துகொண்டே இருப்பார். இந்தப் பெண் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடும். “சுவத்துல சொல்றதும் இவகிட்டச் சொல்றதும் ஒண்ணு” என்று அவரே சலித்துக்கொள்வார்.

மாப்பிள்ளையாக வருகிறவனுக்கு அவர் ஒரு பரீட்சை வைத்தார். பரீட்சை என்று சொல்லமாட்டார். “சித்தன்னவாசல் பாத்திருக்கீங்களா தம்பி? ஆயிரம் வருஷத்து சித்திரம். வாங்க, ஒரு நட போயிட்டு வருவோம்” என்பார். வண்டி பூட்டுவார். குதிரைக்குக் கால் நோவு, ஒரு ஆளுக்கு மேல் இழுக்காது என்று சொல்லித் தான் மட்டும் ஏறிக்கொள்வார். தம்பி பக்கத்தில் நடக்க வேண்டும். போக பத்து மைல், வர பத்து மைல்.

முதலில் வந்த திருச்சிப் பையன் நாலாவது மைலில் புளியமரத்தடியில் உட்கார்ந்து, எதிரே வந்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏறிப் போனவன்தான். இரண்டாவது வந்தவன் புது பூட்ஸ் போட்டுக்கொண்டு போகும்போது குதிரைக்கு முன்னால் நடந்தான். திரும்பும்போது கடலைக்கொடி ஏற்றி வந்த மாட்டு வண்டியில் படுத்துக்கொண்டு வந்தான். இரண்டு சம்பந்தமும் அத்தோடு போயிற்று. ஜெபமாலையம்மாள் ஒரு வாரம் சமைத்துப்போட்டாரே தவிர, பேசவில்லை. ஆரோக்கியமுத்து கலங்கவில்லை. “மொத மைலுக்கு எவனும் வருவான். எம் மக அம்பது வருஷம் கூட ஓடணும்ல.”

மூன்றாவதாக வந்தது வெளியூர் இல்லை. எங்கள் மாதா கோயில் உபதேசியார் மைக்கேல்சாமியின் மகன் சந்தனராஜ். கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். ஒல்லி; கண்ணாடி போட்டவன். அவனைப் பார்த்ததும் ஆரோக்கியமுத்து உதட்டைப் பிதுக்கினார். அடைக்கலமேரி எதுவும் சொல்லவில்லை. ஆனால் முதல் இரண்டு பேர் நடந்த நாட்களில் வழக்கம்போலத் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண், சந்தனராஜ் நடந்த அன்றைக்கு நாலு தடவை வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தாள். மழை வருமா அக்கா என்று என்னைக் கேட்டாள். தை மாதம், சுள்ளென்று வெயில்.

சாயங்காலம் ஐந்தரைக்கு வண்டி திரும்பியது. பக்கத்தில் சந்தனராஜ் நடந்து வந்தான். வேகமும் இல்லை, தளர்ச்சியும் இல்லை, பழைய செருப்பு. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டதற்கு, கொஞ்சம் பொறுத்துக் குடிக்கிறேன் என்றான். ஆரோக்கியமுத்து வண்டியை விட்டு இறங்கி அவனை ஒரு சுற்று சுற்றி வந்தார். முழங்காலுக்குக் கீழே கை வைத்துச் சூடு பார்க்கப் போனவரை ஜெபமாலையம்மாள் பிடித்து நிறுத்தினார். “ஒத்த வார்த்தை பேசலீங்க போக வர. நானும் என்னென்னமோ கேக்குறேன். சிரிக்கிறான், நடக்குறான். லெஜர் ஓட்டம்னா இதான்” என்று அன்று ராத்திரி தெருவில் பாதிப் பேரிடம் சொல்லி முடித்தார்.

ஈஸ்டர் கழிந்து கல்யாணம் என்று முடிவாயிற்று. அதற்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் மூன்று பூசையில் அறிவிப்பார். வாசிக்கிற சீட்டை எழுதிக் கொடுப்பது உபதேசியார். முதல் ஓலை வாசித்ததும் பெஞ்சில் என் வீட்டுக்காரருக்குப் பக்கத்திலிருந்த ஆரோக்கியமுத்து, “கினி ஆச்சு” என்றார். அடுத்த ஞாயிறு, “டெர்பி ஆச்சு.” மூன்றாவதற்கு இன்னும் ஒரு வாரம்.

நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது.

அன்றைக்கு உபதேசியாருக்குத் தொண்டை கட்டிவிட்டது. சாமியார் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உட்கார்ந்து ஜனங்களின் பாவங்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். சிலுவைப்பாதை நடத்த ஆள் வேண்டும். வருங்காலச் சம்பந்திக்கு ஒரு கௌரவம் செய்வோம் என்று மைக்கேல்சாமி புத்தகத்தை ஆரோக்கியமுத்து கையில் கொடுத்துவிட்டார். கண்ணாடி கொண்டுவரவில்லை என்றார் இவர். உங்களுக்கு எதற்குப் புத்தகம், சின்ன வயதிலிருந்து மனப்பாடம்தானே என்று சைகையிலேயே தள்ளிவிட்டார் அவர்.

மனப்பாடம்தான். அதுதான் வினையாயிற்று. இருபது வருஷத்துக்கும் மேலாக ஒவ்வொரு ஸ்தலத்திலும் முழங்காலிடும்போது வாய்க்குள் ஒரு பேரைச் சொல்லிப் பழகிய மனிதர். பின்வரிசையில் முணுமுணுத்தால் யாருக்குத் தெரியும்? இன்றைக்கு முன்னால் நின்று, கோயில் முழுக்கக் கேட்கிற குரலில் நடத்திக்கொண்டு போகிறார். முதல் ஸ்தலத்தின் பேரைக் கணீரென்று சொல்லி முழங்காலிட்டவர், அதே கணீரோடு, “வெஸ்ட் ஆஸ்திரேலியன்” என்றார்.

ஜனங்கள் வழக்கமான பதிலைச் சொல்லி முழங்காலிட்டார்கள். பூசையெல்லாம் லத்தீனில் நடக்கிற கோயிலில் புரியாத வார்த்தை கேட்டு யாரும் திடுக்கிடுவதில்லை. தபசு காலத்துக்கென்று ரோமாபுரியிலிருந்து வந்த புது ஜெபம் போலிருக்கிறது என்று எனக்குப் பக்கத்திலிருந்த அற்புதமேரியம்மாள் முந்தானையால் தலையை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடிக்கொண்டார். கிளாடியேட்டர் வந்தது, லார்டு லயன் வந்தது. ஒன்பதாம் ஸ்தலத்தில் டயமண்ட் ஜூபிலி என்றபோது இரண்டு பெண்கள் மார்பில் தட்டிக்கொண்டார்கள். ஆரோக்கியமுத்துவுக்குத் தான் சொல்கிறோம் என்பதே தெரியவில்லை. கண்ணை மூடி, உருகி, நடத்திக்கொண்டு போனார். நான் அடைக்கலமேரியைப் பார்த்தேன். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காதிலிருந்து கழுத்து வரை சிவந்திருந்தது. உபதேசியார் தூணில் சாய்ந்து நின்றார். அவருக்கு லத்தீன் கொஞ்சம் தெரியும். இது லத்தீன் இல்லை என்று தெரிகிற அளவுக்குத் தெரியும்.

முடிந்து வெளியே வரும்போது அற்புதமேரியம்மாள் ஆரோக்கியமுத்துவை நிறுத்தி, “அந்த பஹ்ராம் ஜெபத்த எனக்கும் சொல்லிக் குடுங்கண்ணே. எங்க வீட்டுக்காரருக்கு இழுப்பு நிக்கவே மாட்டேங்குது” என்று கேட்டார். அப்போதுதான் அவருக்கு விஷயம் உறைத்தது. வண்டியைக்கூட எடுக்காமல் நடந்தே வீட்டுக்குப் போய்விட்டார். குதிரையைத் தெருப்பிள்ளைகள் கொண்டுவந்து விட்டார்கள்.

மறுநாள் சனிக்கிழமை சாயங்காலம் மைக்கேல்சாமி வந்தார். கையில் மூன்றாவது ஓலைச் சீட்டு, எழுதியது. இன்னும் சாமியாரிடம் சேராதது. அது சேராவிட்டால் ஞாயிறு ஓலை இல்லை. ஓலை இல்லாவிட்டால் கல்யாணம் இல்லை. நான் முறம் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தவள், போக முடியாமல் ஜெபமாலையம்மாளோடு அடுக்களையில் வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிட்டேன். அடைக்கலமேரி கதவுக்குப் பின்னால் நின்றாள்.

தொண்டை சரியாகாததால் உபதேசியார் கோபத்தையெல்லாம் கிசுகிசுவென்றே சொல்ல வேண்டியிருந்தது. என்ன பாஷை அது என்று கேட்டார். ஜெபமாலையம்மாள் அடுக்களையிலிருந்து, “சிரியாக்கு. மலையாளத்துக் கோயில்ல ஓதுற பாஷை” என்றார். ஆரோக்கியமுத்து உண்மையைச் சொன்னார். பதினாலையும் சொன்னார். கேட்டது நாலு வார்த்தைப் பதில். இவர் ஆர்மாண்டின் மூச்சுக் கோளாறு வரைக்கும் போய்விட்டார்.

“ஆண்டவரு சிலுவை சுமந்த எடத்துல குதிரையைக் கட்டியிருக்கீங்க” என்றார் மைக்கேல்சாமி.

“எடுக்க முடியலீங்க சம்பந்தி. குதிரைய அவுத்தா ஸ்தலமும் சேந்து போயிருது. ராத்திரி பூராவும் முயற்சி பண்ணிப் பாத்தேன்.”

இப்படிப்பட்ட வீட்டில் எப்படிச் சம்பந்தம் செய்வது என்று கேட்டார் உபதேசியார். அதோடு நிற்கவில்லை. மடியிலிருந்து இன்னொரு காகிதத்தை எடுத்தார். “அப்பன் இப்படின்னா மக எப்படி இருப்பா? கலியாணம் பேசுறதுக்கு முந்தியே எம் மவனுக்குச் சீட்டு எழுதியிருக்கா. சட்டைப் பையில இருந்துச்சு. கேளுங்க.” கண்ணுக்கு நேரே நீட்டிப் பிடித்து, கம்மிய குரலில் வாசித்தார். முத்து முத்தாக எழுதியிருந்தது போலும். ஒரு இடத்திலும் தடுமாறவில்லை.

முதல் நாள் திருக்கோகர்ணம் போய் வரவும். மூன்றாம் நாள் நான்கு மைல். ஐந்தாம் நாள் ஆறு மைல், மெதுவாக. ஏழாம் நாள் ஓய்வு. எட்டாம் நாள் எட்டு மைல். ஒன்பதாம் நாள் மூன்றாவது கல்லிலிருந்து நாலாவது கல் வரை மட்டும் வேகமாக. பத்தாம் நாள் காலை சற்று நடந்துவிட்டு, பிறகு முழு ஓய்வு. புதுச் செருப்பு கூடாது. நடந்து வந்தவுடன் தண்ணீர் குடிக்கக் கூடாது. அப்பா வழியெல்லாம் பேசிக்கொண்டு வருவார். பதில் சொல்ல வேண்டாம். மூச்சு போய்விடும்.

வெங்காயத்தோடு நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

“ஏழாம் நாளு ஓய்வா போட்டிருக்கு?” என்று கேட்டார் ஆரோக்கியமுத்து.

“ஆமா.”

“எட்டாம் நாளு எட்டா?”

“அதான் வாசிச்சேனே.”

“அந்தக் கடைசிக்கு முந்துன நாளு, ஒரே ஒரு மைலு வேகமா. அத இன்னொருக்கா வாசிங்க.”

உபதேசியார் சீட்டை மடித்துவிட்டார். சாமியாரிடம் போய்ச் சொல்லப் போகிறேன், நாளைக்கு ஓலை வாசிக்கப்போவதில்லை என்று எழுந்தார். அப்போது ஜெபமாலையம்மாள் வெங்காயக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனார். குரலை உயர்த்தவில்லை.

“சொல்லுங்க அண்ணே. ரெண்டு ஓலை வாசிச்சு மூணாவது நின்னா என்ன காரணம்னு சாமியாரு கேப்பாரு. கோயில் சனம் பூராவும் வெள்ளிக்கிழம பதினாலு குதிரைக்கு முழங்கால் போட்டுச்சுன்னு நீங்கதான் சொல்லணும். புத்தகத்த யாரு கையில குடுத்தீங்கன்னு அதுக்கடுத்து கேப்பாரு. அதையும் நீங்கதான் சொல்லணும்.”

மைக்கேல்சாமி நின்றார். பிறகு உட்கார்ந்தார். காப்பி போனது. கல்யாணம் முடிகிற வரைக்கும் வெள்ளிக்கிழமைகளில் சம்பந்தி கடைசி வரிசையில் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று முடிவு செய்யப்பட்டது. “வாயை மூடிக்கிட்டு முழங்கால் போடலாமுல்ல?” என்று ஆரோக்கியமுத்து கேட்டதற்கு, அதற்குத் தடையில்லை என்றார். ஓலைச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மற்றச் சீட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் பெஞ்சிலேயே விட்டுவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது ஓலை வாசித்தார்கள். யாரும் தடை சொல்லவில்லை. அற்புதமேரியம்மாள் மட்டும் பின்னால் திரும்பி ஆரோக்கியமுத்துவைப் பார்த்து, நேற்று இழுப்புக் குறைந்தது என்று ஜாடை காட்டினார். அவர் “லெஜர் ஆச்சு” என்று சொல்வார் என்று என் வீட்டுக்காரர் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாராம். சொல்லவில்லை. விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாராம்.

மத்தியானம் நான் முந்தின நாள் கொடுக்க மறந்த முறத்தோடு மறுபடி போனேன். ஆரோக்கியமுத்து தரையில் உட்கார்ந்து தகரப் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார். மடியில் அந்தச் சீட்டு. துரை கொடுத்த பழைய பட்டுத் தலைப்பாகை கல்யாணத்தன்றைக்குக் கட்ட இருக்கிறதா என்று பார்க்கத் திறந்தாராம். தலைப்பாகை இருந்தது. அதன் மடிப்புக்குள் அவர் வைக்காத விதத்தில் ஸ்டாப் வாட்ச் இருந்தது. எடுத்துத் தலையைத் திருகிப் பார்த்தார். சாவி கொடுத்திருந்தது. கீறிய கண்ணாடிக்குள்ளே முள் பன்னிரண்டில் இல்லை. எங்கேயோ போய் நின்றிருந்தது. வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.

“பதிமூணு நிமிசம், நாப்பது செகண்டு” என்றார், யாரிடமும் இல்லாமல்.

தை மாதத்தில் பத்து நாள் அடைக்கலமேரி விடிந்ததும் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிப் போனது எனக்கு அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. தோட்டத்துச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தாள். பள்ளிக்கூட வாசலில் நின்றால் மூன்றாவது மைல் கல்லும் தெரியும், நாலாவதும் தெரியும்.

அவள் உள்ளேயிருந்து துவைத்த துணிகளோடு வந்தாள், கொடிக்குப் போகிற வழியில். ஆரோக்கியமுத்து வாட்சை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். பதினாலு பேரைச் சொல்கிறபோது வருகிற குரல் அவருக்கு வந்துவிட்டது.

“ஆத்தா மேரி. இது அந்த ஒம்பதாம் நாளு மைலோட டயந்தானே?”

அடைக்கலமேரி நின்றாள். குனிந்து, துணிக்கட்டை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, அப்பாவின் கையிலிருந்த வாட்சின் தலையைக் கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்கினாள். முள் பன்னிரண்டுக்குத் திரும்பியது. கொல்லைப்பக்கக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.